மன்னரின் வேட்டை மாளிகையா, பண்ணை வீடா: அகழாய்வில் எதை வைத்து முடிவு செய்வது?

மேட்டுவயல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊர் வரலாற்றுக் கழகம், தொழில்முறைத் தொல்லியலாளர் ஒருவரின் மேற்பார்வையில், ஊருக்கு வடக்கே உள்ள மேய்ச்சல் நிலத்தில் கோடைதோறும் அகழாய்வு நடத்திவருகிறது. நானும் தன்னார்வலராகக் கரண்டி பிடிக்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் மன்னர்கள் வேட்டைக்கு வந்து தங்கிய மாளிகை அந்த இடத்தில்தான் இருந்தது என்று ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வயலின் பெயரிலும் மன்னர் இருக்கிறார். நிலத்தின் மேலே ஒரு கல்கூட இல்லை.

மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளக்கும் மின்தடை அளவீட்டில் மங்கலாகத் தெரிந்த இரண்டு கோடுகளை நம்பி ஒரு குழி இட்டோம். கூழாங்கல் பரப்பிய தரை ஒன்றும், அதன் ஓரமாகச் சுண்ணாம்புச் சாந்துத் துணுக்குகள் நிறைந்த நீண்ட பள்ளம் ஒன்றும், அதற்கப்பால் கரிய ஈரமண் நிரம்பிய குழி ஒன்றும் கிடைத்தன. கரிய மண்ணில் சிப்பி ஓடுகளும், நிறைய எலும்புகளும், பச்சை மெருகிட்ட ஒரு பானை ஓடும் இருந்தன. கட்டைவிரல் அகலமே உள்ள அந்த ஓட்டின் உட்புறம் ஏறக்குறைய வெள்ளை நிறம்; வெளிப்புறத்தில் மெருகு சீராக இல்லாமல் திட்டுத்திட்டாகப் பிடித்திருக்கிறது. குழுவில் சிலர் அதைக் கையில் எடுத்த உடனேயே மாளிகை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். மேற்பார்வையாளர் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார்.

என் கேள்வி இதுதான். ஒரு கட்டடம் மன்னருடையது என்றும், வேட்டைக்காகக் கட்டப்பட்டது என்றும் மண்ணிலிருந்து எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? வசதி படைத்த ஒரு பிரபுவின் வீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு தெரியும்? அடுத்த கோடையில் இன்னும் ஒரே ஒரு குழிக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. அதைச் சுவரைத் தேடிப் போடுவதா, வேறு எதையாவது தேடிப் போடுவதா என்று கழகத்தில் விவாதம் நடக்கிறது. துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுவடிக்கூடம்

வணக்கம் நண்பரே. மேற்பார்வையாளரின் புன்னகையைப் பாராட்டுகிறேன். அரச வேட்டை மாளிகை என்று மண் ஒருபோதும் தானாகச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் உறுதியாக அடையாளம் காணப்பட்டவை பெரும்பாலும் எழுத்து ஆவணமும் அகழாய்வும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததால் உறுதியானவை. ஆகவே குழியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆவணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் இறுதியில் முடியும் கணக்காண்டுக்கு, ஒவ்வொரு மாவட்டத்திலும் மன்னரின் அதிகாரியாக இருந்த ஷெரிஃபும் தான் வசூலித்ததற்கும் மன்னருக்காகச் செலவழித்ததற்கும் கருவூலத்தில் கணக்குக் காட்ட வேண்டும். அதை ஆட்டுத்தோலில் லத்தீனில் எழுதிச் சுருட்டி வைத்தார்கள். பைப் ரோல் என்று அழைக்கப்படும் இந்தச் சுருள்களில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழையது 1130ஆம் ஆண்டுக்கு உரியது. 1150களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய இடைவிடாமல் கிடைக்கின்றன. மன்னர் வீட்டின் கூரையை மாற்றியது, மீன்குளத்தின் கரையைக் கட்டியது, மான் பூங்காவுக்கு வேலி போட்டது எல்லாம் அதில் செலவாக வரும். 1204 முதல் குளோஸ் ரோல், மூன்றாம் ஹென்றி (1216-1272) காலத்தில் லிபரேட் ரோல் என்று மன்னரின் ஆணைகளைப் படியெடுத்து வைத்த சுருள்களும் சேர்ந்துகொள்கின்றன. மூன்றாம் ஹென்றி இந்த வகையில் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு வரம். எந்த அறைச் சுவருக்கு என்ன வண்ணம், எந்தச் சன்னலுக்குக் கம்பி என்றுகூட ஆணையிட்டு எழுதவைத்தவர் அவர்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சாலிஸ்பரிக்குக் கிழக்கே உள்ள கிளாரண்டன். 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் காலத்தில் வேட்டை மாளிகையாகத் தொடங்கி, இரண்டாம் ஹென்றி, மூன்றாம் ஹென்றி ஆகியோர் காலத்தில் அரண்மனையாகவே வளர்ந்த இடம் அது. கான்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட்டோடு இரண்டாம் ஹென்றிக்கு ஏற்பட்ட மோதலை முற்றவைத்த 1164ஆம் ஆண்டின் கிளாரண்டன் விதிகள் அங்கேதான் முன்வைக்கப்பட்டன. 1933 முதல் 1939 வரை டான்கிரட் பொரேனியஸ், ஜான் சார்ல்டன் ஆகியோர் அங்கே அகழாய்வு செய்தார்கள். போர் வந்ததால் பணி நின்றது. முழு அறிக்கை 1988இல்தான் வெளிவந்தது. 1251இல் அங்குள்ள ஓர் அறையில் சிலுவைப் போரில் வரும் அந்தியோக்கியாவின் கதையையும் ரிச்சர்ட் மன்னரின் துவந்த யுத்தத்தையும் தீட்டும்படி மூன்றாம் ஹென்றி இட்ட ஆணை சுருளில் இருக்கிறது. ஓவியம் போய்விட்டது. ஆனால் தரை ஓடுகள் போகவில்லை. மன்னரின் வழிபாட்டு அறைக்காக 1240களில் சுட்ட, வட்ட வட்டமாக அடுக்கும் ஓடுகளும், அவற்றைச் சுட்ட சூளையுமே மண்ணிலிருந்து வெளிவந்தன. அந்தச் சூளையை அப்படியே பெயர்த்து எடுத்துச் சென்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை லண்டன் போகும்போது பாருங்கள். ஒரு வீட்டுத் தரைக்காக வளாகத்துக்குள்ளேயே சூளை வைத்துச் சித்திர ஓடு சுடுவது சிற்றூர்ப் பண்ணையாரால் ஆகிற காரியம் அல்ல.

ஆனால் எல்லா வேட்டை மாளிகையும் கிளாரண்டன் அல்ல. எசெக்ஸில் ரிட்டில் என்னும் ஊரில் ஜான் மன்னர் 1211 அளவில் கட்டிய வீட்டை, 1955க்கும் 1957க்கும் இடையில் பிலிப் ராட்ஸ் அகழ்ந்தார். அகழி சூழ்ந்த நிலத்துண்டில் மரச்சட்டக் கட்டடங்களாக இருந்தது அது. கல் கோட்டையை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அங்கே கிடைத்திருக்கக்கூடியவை தூண் நட்ட குழிகளும், மரச்சட்டம் கிடந்த தடங்களும், அடுப்புத் தரையும்தான். ஆகவே உங்கள் நிலத்தில் கல் இல்லை என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பள்ளத்துக்கு வருகிறேன். சாந்துத் துணுக்கு நிறைந்த நீண்ட பள்ளம் என்பது பெரும்பாலும் சுவரின் கல்லைப் பிற்காலத்தில் யாரோ பெயர்த்தெடுத்துக்கொண்டு போன தடம். கல்லுக்கு விலை உண்டு, சாந்துக்கு விலை இல்லை. கல் போகும், சாந்து கிடக்கும். மின்தடை அளவீட்டில் உங்கள் கோடுகள் மங்கலாக வந்ததற்கும் இதுவே காரணமாகலாம். முழுச் சுவர் உலர்ந்து கிடப்பதால் தடை கூடுதலாகப் பளிச்சென்று வரும். கல் பெயர்த்து மண் நிரப்பிய பள்ளத்தில் ஈரமும் இடிபாடும் கலந்திருப்பதால் அளவீடு இரண்டுக்கும் நடுவில் குழம்பும். அந்தச் சாந்தில் ஒரு பக்கம் வழவழப்பாகவும், அதன்மேல் செங்காவியில் மெல்லிய கோடும் உள்ள துண்டு ஏதேனும் இருக்கிறதா என்று, கழுவுவதற்கு முன் பாருங்கள். பூசிய சுவரில் செதுக்கிய கல் அடுக்கியதுபோல் சிவப்புக் கோடு வரைவது 13ஆம் நூற்றாண்டில் வசதி உள்ளவர்களின் வழக்கம். தூரிகை போட்டுத் தேய்த்தால் கோடு போய்விடும்.

பச்சை மெருகு ஓட்டில்தான் எனக்குத் தயக்கம். வெள்ளைக் களிமண், திட்டுத்திட்டான பச்சை மெருகு என்றதும், போர்தோ மதுவோடு தென்மேற்குப் பிரான்சிலிருந்து வந்த செந்தோன்ஷ் குடுவைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதை மன்னரின் மேசையில் வைத்துப் பார்க்க ஆசையாகவும் இருக்கும். ஆனால் நீங்கள் இருப்பது நடுப்பகுதி. அருகிலேயே ஸ்டாம்ஃபர்ட் நகரில் 10ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வெளிர்க் களிமண்ணில் மஞ்சளும் பச்சையுமான மெருகிட்டுக் கலம் செய்தார்கள். அது சாதாரண வீடுகளிலும் கிடைக்கும். மட்பாண்ட வல்லுநர் ஒருவர் உடைந்த விளிம்பை உருப்பெருக்கியில் பார்க்கும்வரை அந்த ஓட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செந்தோன்ஷ் என்றே முடிவானாலும் அது துறைமுக வணிகர் வீட்டிலும் இருந்த பொருள்தான்.

மான்கொம்பு

முந்தைய பதிலில் சுவடிக்கூடம் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் உங்கள் கரிய மண்ணை அவர் தொடவே இல்லை. விலங்கெலும்பு ஆய்வில் பணிபுரிகிற எனக்கு, அந்தக் குழியில் உள்ள எலும்புகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. சிப்பியை விட்டுவிடலாம். கடலிலிருந்து தொலைவான ஊர்களிலும் இடைக்காலத்தில் சிப்பி மலிவாகக் கிடைத்தது. அதை வைத்துச் செல்வத்தை அளக்க முடியாது.

மான் எலும்பு அப்படி அல்ல. மன்னரின் வேட்டைக்காக மானைக் காக்கும் அரச வனச் சட்டம் நடந்த பகுதியில் ஊர்களும் வயல்களும் இருந்தன. அங்கே குடியிருந்தவன் தன் வயலில் மேய்ந்த மானைக்கூடத் தொட முடியாது. 1217இல் வந்த வனச் சாசனம் மானைக் கொன்றதற்காக உயிரையோ உறுப்பையோ பறிக்கும் தண்டனையை நீக்கியது என்றாலும், அபராதமும் சிறையும் தொடர்ந்தன. சந்தையில் வெளிப்படையாக விற்கும் பொருளாக மான் இறைச்சி இருக்கவில்லை. அது மன்னரிடமிருந்தோ பிரபுவிடமிருந்தோ பரிசாக வர வேண்டும். ஆகவே ஒரு குப்பைக் குழியில் மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றோடு ஒப்பிடும்போது மான் எத்தனை பங்கு என்பது முதல் கேள்வி.

எந்த மான் என்பது அடுத்தது. சிவப்பு மானும் ரோ மானும் அந்த மண்ணுக்கே உரியவை. உடலில் புள்ளியும் அகன்று தட்டையான கொம்பும் உள்ள ஃபேலோ மான், ரோமானியர் காலத்துக்குப் பின் அற்றுப்போய், நார்மானியர் வந்தபின் மறுபடியும் கொண்டுவரப்பட்டது. வேலியிட்ட பூங்காவில் அடைத்து வளர்ப்பதற்கு ஏற்ற இனம் அதுதான். அதன் எலும்புகள் மிகுதியாக இருந்தால், அருகில் ஏதோ ஒரு பூங்கா இருந்தது என்று நம்பலாம்.

மூன்றாவதாக, எந்த உறுப்பு என்பது. இதுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான சான்று. இடைக்கால மேட்டுக்குடியினர் மானை வெட்டிப் பங்கிடுவதை ஒரு சடங்காகவே வைத்திருந்தார்கள். வீழ்த்திய இடத்திலேயே தோலுரித்து, இன்ன துண்டு இன்னாருக்கு என்று பிரிப்பார்கள். தோள் பகுதிகள் வேட்டையில் பங்கெடுத்தவருக்கும் வனக் காவலருக்கும் போகும். குடலை ரொட்டியோடு கலந்து, உரித்த தோலின்மேல் வைத்து நாய்களுக்குக் கொடுப்பார்கள். அண்டங்காக்கைக்கென்றே ஒரு சிறு துண்டு உண்டு. சதைப்பற்று மிகுந்த பின்தொடைகள் தலைவரின் வீட்டுக்குப் போகும். நவோமி சைக்ஸ் என்னும் ஆய்வாளர் இங்கிலாந்தின் பல இடங்களில் கிடைத்த எலும்புகளை ஒப்பிட்டு, சுவடிகளில் எழுதியுள்ள இந்தப் பங்கீடு குப்பைக் குழிகளிலும் தெரிகிறது என்று காட்டினார். கோட்டைகளிலும் மாளிகைகளிலும் பின்கால் எலும்புகள் அளவுக்கு மீறி இருக்கின்றன. காவலர் குடியிருப்புகளில் தோள்பட்டை எலும்புகள் மிகுதி. திருட்டு வேட்டை நடந்த ஊர்களில் இந்த ஒழுங்கு குலைந்து, எல்லா உறுப்பும் கலந்து வரும்.

இதை உங்கள் குழியில் வைத்துப் பாருங்கள். தோள்பட்டை எலும்பே மேலோங்கி இருந்தால், நீங்கள் தோண்டுவது மாளிகையாக இல்லாமல் பூங்காக் காவலரின் வீடாக இருக்கலாம். அந்த வீட்டுக்கும் கூழாங்கல் தரையும் சாந்துச் சுவரும் இருந்திருக்கக்கூடும். அது தோல்வி அல்ல. காவலர் வீடு இருந்தால் பூங்காவும் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

கையால் பொறுக்கிய எலும்புகளை மட்டும் எண்ணினால் பெரிய விலங்குகளே கணக்கில் வரும். கரிய மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, நீரில் கரைத்து, மெல்லிய சல்லடையில் சலிக்கச் சொல்லுங்கள். கௌதாரி, சிறு மீன் போன்றவற்றின் எலும்பு அப்படித்தான் சிக்கும். பருந்து, வல்லூறு கொண்டு வேட்டையாடிய இடமாக இருந்தால், பறவையின் காலில் கட்டும் பட்டாணி அளவுச் செம்பு மணிகூடச் சல்லடையில் மாட்டலாம். மேலே மிதப்பவற்றில் அத்தி விதை, திராட்சை விதை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரவழைத்த உலர்பழம் தின்ற வீடு அது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். மான் எலும்பு மிகக் குறைவாக இருந்தால், உடனே இது வேட்டை மாளிகை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 1251ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு யார்க் நகரில், மகளின் திருமணத்தையும் சேர்த்து மூன்றாம் ஹென்றி நடத்திய விருந்துக்காக 430 சிவப்பு மான்களுக்கும், 200 ஃபேலோ மான்களுக்கும், 200 ரோ மான்களுக்கும் ஆணை போனது. இவற்றை மன்னர் தன் கையால் வீழ்த்தியிருக்க முடியாது. சம்பளத்துக்கு இருந்த வேட்டைக்காரர்கள் வனம் வனமாகச் சென்று கொன்று, உப்பிட்டு, பீப்பாயில் அடைத்து அனுப்பினார்கள். வேட்டையாடிய ஊரில் இறைச்சி தங்கவில்லை, எலும்பும் தங்கவில்லை.

மேட்டுவயல்

இருவருக்கும் மிக்க நன்றி. எலும்புகள் இன்னும் கழுவப்படாமல் பெட்டியில்தான் இருக்கின்றன. சாந்துத் துண்டுகளையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரில் எல்லோரும் அதை ஜான் மன்னரின் மாளிகை என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குச் சான்று மதிப்பு ஏதேனும் உண்டா? கழகத்தின் நிதி விண்ணப்பத்திலேயே அந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வரப்புவழி

அந்தப் பெயரை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பழைய சுவர் எங்கே நின்றாலும் அதை ஜான் மன்னருடையதாக ஆக்கிவிடுவது ஒரு வழக்கம். சோமர்செட்டில் ஆக்ஸ்பிரிட்ஜ் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் ஜான் மன்னரின் வேட்டை மாளிகை, உண்மையில் 15ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஒரு வணிகர் கட்டிய வீடு. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ரோம்சியில் உள்ள ஜான் மன்னரின் வீட்டு மரங்களை ஆண்டு வளையக் கணிப்புக்கு (மரத்தின் வளர்ச்சி வளையங்களைக்கொண்டு அது வெட்டப்பட்ட காலத்தை அறியும் முறைக்கு) உட்படுத்தியபோது 1256 என்று வந்தது. மன்னர் இறந்தது 1216இல்.

நாட்டிங்ஹாம்ஷயரில் கிளிப்ஸ்டன் என்னும் ஊர் வயலில் நிற்கும் இடிந்த சுவரையும் ஜான் மன்னரின் அரண்மனை என்கிறார்கள். அங்கே பெயர் தவறு என்றாலும் இடம் உண்மையானது. ஆவணங்களில் மன்னரின் வீடுகள் என்றே வருகிறது. பெரிதாகக் கட்டியவர் ஜானின் தந்தை இரண்டாம் ஹென்றி. 1176க்கும் 1180க்கும் இடையில் கட்டடம், குளம், பூங்கா என்று ஏறத்தாழ 500 பவுன் செலவானதைப் பைப் ரோல்கள் காட்டுகின்றன. 1194இல் நாட்டிங்ஹாம் கோட்டையைப் பிடித்த மறுநாளே ரிச்சர்ட் மன்னர் அதுவரை தாம் பார்த்திராத கிளிப்ஸ்டனையும் ஷெர்வுட் வனத்தையும் பார்க்கப் போனார் என்றும், அவை அவருக்கு மிகவும் பிடித்துப்போயின என்றும் ஹவ்டன் ரோஜர் என்னும் சமகால வரலாற்றாசிரியர் எழுதுகிறார். சில நாளில் ஸ்காட்லாந்து மன்னர் வில்லியமை அங்கேயே சந்தித்தார். முதலாம் எட்வர்ட் 200 குதிரைகளுக்கு லாயம் கட்டியதும், 1290இல் நாடாளுமன்றத்தைக் கூட்டியதும் அதே இடத்தில்தான்.

200 குதிரைக்கு லாயம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மன்னர் தனியாக வருவதில்லை. எழுத்தர், சமையலர், காவலர், குதிரைக்காரர் என்று ஒரு சிற்றூரே அவரோடு நகரும். ஆகவே மாளிகை என்று ஒற்றைக் கட்டடத்தைத் தேடுவதே பிழை. கூடம், அறைகள், வழிபாட்டு அறை, தீ பரவாமலிருக்கத் தள்ளிக் கட்டிய சமையற்கட்டு, லாயம், ரொட்டிச் சூளை என்று ஏக்கர் கணக்கில் சிதறிக்கிடக்கும். 1956இல் பிலிப் ராட்ஸ் கிளிப்ஸ்டனில் இட்ட குழிகளும், பின்னர் நடந்த நிலவியற்பிய அளவீடுகளும் காட்டியது இதைத்தான். நிற்கும் சுவர் பரந்த வளாகத்தின் ஒரு மூலை மட்டுமே. உங்கள் ஒரு குழியில் கிடைத்தது கூடமா, லாயமா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. கூழாங்கல் தரை என்றதும் எனக்கு முதலில் தோன்றியது குதிரை நின்ற முற்றம்தான்.

இதனால்தான் அடுத்த குழியைச் சுவரில் போடுவதை நான் எதிர்க்கிறேன். சுவடிக்கூடம் ஐயா மன்னிக்க வேண்டும். கணக்குச் சுருளில் கூரை ஓட்டின் விலை இருக்கும், வீடு எந்த வயலில் இருந்தது என்று இருக்காது. அதை நிலம்தான் சொல்ல வேண்டும். வேட்டை மாளிகைக்குப் பூங்கா வேண்டும், பூங்காவுக்கு எல்லை வேண்டும். கோட்டைக்கு அகழி வெளியே, மண்மேடு உள்ளே. மான் பூங்காவுக்கு நேர்மாறாக அகழி உள்ளே இருக்கும், மண்மேடு வெளியே, மேட்டின்மேல் பிளந்த ஓக் மர வேலி. உள்ளே நிற்கும் மான் தாவ முயன்றால் பள்ளத்தின் அடியிலிருந்து வேலி உச்சிவரை தாண்ட வேண்டும். சில இடங்களில் வெளியிலிருந்து மான் எளிதாக உள்ளே குதிக்கும்படி ஒரு தாழ்வான வாயிலும் வைத்திருப்பார்கள். உள்ளே வந்தது திரும்பப் போக முடியாது. பக்கத்து நிலக்காரருக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அத்தகைய வாயில் வைக்க மன்னரின் உரிமம் வேண்டும்.

கிளாரண்டன் பூங்காவின் எல்லை ஏறக்குறைய 10 மைல் சுற்றி, 4,300 ஏக்கர் அளவு நிலத்தை வளைத்திருந்தது. இவ்வளவு நீளமான மேடு முழுவதுமாக அழிந்துவிடாது. வானூர்தியிலிருந்து லேசர் ஒளி வீசி நில உயரத்தை அளக்கும் லைடார் முறையில் எடுத்த இங்கிலாந்தின் அளவீடுகள் அரசின் சுற்றுச்சூழல் முகமை வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர்த் தரவை இறக்கி, தாழ்ந்த கோணத்திலிருந்து ஒளி விழுவதுபோல் வைத்துப் பாருங்கள். உழவுச்சால் வரிகளைக் குறுக்கே வெட்டாமல் வளைந்து போகும் ஒரு கோடு தெரியலாம். தேவாலயத்துக்குச் செலுத்திய பத்தில் ஒரு பங்கு வரிக்காக 1840களில் வரைந்த தசமபாக வரைபடங்களில் வயல்களுக்கு எண்ணும், உடனுள்ள பட்டியலில் அவற்றின் பெயர்களும் இருக்கும்; பூங்கா, வேலி, வாயில், நாய் வீடு என்ற பொருள்படும் பெயர்கள் எந்தெந்த வயல்களுக்கு இருந்தன என்று ஒரு தாளில் வண்ணமிட்டால், பல ஊர்களில் அவை வளையமாகவே சேர்ந்து வரும். இதற்கெல்லாம் குழிப் பணம் செலவாகாது.

சுவடிக்கூடம்

வரப்புவழி நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்றைச் சேர்க்க மட்டும் வருகிறேன். பூங்கா இருந்தாலே மன்னர் ஆகிவிடாது. 13ஆம் நூற்றாண்டு முடியும் முன் பிரபுக்களும் கிறிஸ்தவ ஆயர்களும் மடங்களும் நாடெங்கும் நூற்றுக்கணக்கான பூங்காக்களை வைத்திருந்தார்கள். மன்னருடையது என்ற சொல்லைக் கடைசியில் சுருள்தான் தர வேண்டும். ஒரே வீடே கைமாறிய கதையும் உண்டு: ரிட்டில் வீடு சில பத்தாண்டுகளுக்குள் மன்னரிடமிருந்து புரூஸ் குடும்பத்துக்குப் போனது, 1306இல் ராபர்ட் புரூஸ் ஸ்காட்லாந்தின் முடியைச் சூடியதும் அது பறிக்கப்பட்டது. அங்கே அகழ்ந்த அடுக்குகளில் பெரும்பகுதி மன்னர் வாழாத காலத்தைச் சேர்ந்தவை. உங்கள் கரிய மண் எந்த நூற்றாண்டு என்பது உறுதியாகும்வரை, அதன் எலும்புகளை மன்னரின் உணவு என்று சொல்ல வேண்டாம்.

செடாரையும் நினைவில் வையுங்கள். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட எட்மண்ட் மன்னர் மானைத் துரத்திக்கொண்டு போய், மானும் நாய்களும் மலைப்பிளவில் விழ, குதிரை விளிம்பில் நின்றதால் உயிர் தப்பினார் என்று புனித டன்ஸ்டனின் வாழ்க்கை வரலாறு சொல்லும் ஊர் அது. 1960 முதல் 1962 வரை, பள்ளிக் கட்டடம் எழும்புவதற்கு முன்பாக, அதே ராட்ஸ் அங்கே அகழ்ந்தபோது வேட்டையைக் காட்டும் பொருளைக்கொண்டு அந்த இடத்தை அடையாளம் காணவில்லை. நீண்ட மரக் கூடங்களின் தூண் வரிசைகள் அகப்பட்டன; மன்னர் அவையைக் கூட்டியதாகச் சொல்லும் 10ஆம் நூற்றாண்டுப் பட்டயங்களில் ஊரின் பெயர் இருந்தது. இரண்டும் பொருந்தின.

மான்கொம்பு

காலம் பற்றிய ஐயாவின் எச்சரிக்கை சரியானது. அதற்கும் அந்தக் குழியே உதவும். ஈரமண் என்கிறீர்கள். அடியில் நீர் தேங்கி மரத்துண்டு அழியாமல் இருந்தால் ஆண்டு வளையக் கணிப்பு செய்யலாம். இல்லாவிட்டால் மேலிருந்து ஒன்றும் அடியிலிருந்து ஒன்றுமாக, எரிந்த தானியமணியையோ இளம் விலங்கின் எலும்பையோ கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்புங்கள். பழைய உத்தரத்தின் கரியை அனுப்பினால் மரம் வளர்ந்த காலம் வருமே தவிர, குழி நிரம்பிய காலம் வராது.

இன்னொரு வேண்டுகோள், இது எலும்பைப் பற்றியது அல்ல. நிலத்தின் இருப்பிடம் தெரியும் படங்களைப் பொதுவெளியில் போடவேண்டாம் என்று குழுவினரிடம் சொல்லுங்கள். இரவில் உலோகங்காணும் கருவியோடு வந்து குழியைக் கிளறுகிறவர்கள் இங்கே உண்டு. அரசு பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இடமாக இருந்தால் அனுமதியின்றி அந்தக் கருவியை இயக்குவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பட்டியலில் இல்லாத மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

மேட்டுவயல்

நேற்றைய கழகக் கூட்டத்தில் இந்தப் பதில்களை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். ஜான் மன்னரின் பெயரை நீக்குவதற்கு மட்டும் சற்று எதிர்ப்பு இருந்தது, மற்றவற்றை ஏற்றுக்கொண்டார்கள். புதிய சுவரைத் தேடப்போவதில்லை. பழைய குழியை மேற்குப் பக்கம் விரித்து, கரிய மண்ணை அடி வரைக்கும் அடுக்கு அடுக்காக எடுத்துச் சலிப்பது என்றும், குளிர்காலத்துக்குள் லைடார் தரவையும் தசமபாக வரைபடத்தையும் பார்த்துவிடுவது என்றும் முடிவாகியிருக்கிறது. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வரைபடத்தின் படி இருப்பதாக உறுப்பினர் ஒருவர் சொன்னார். பைப் ரோல்களில் 12ஆம் நூற்றாண்டுக்கு உரியவை அச்சில் வந்திருப்பதால், லத்தீன் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் மாவட்டப் பகுதியை மட்டும் ஆண்டு வாரியாகப் படித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.